மூன்றில் இரண்டு பங்கு

கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது என்பது வக்கீல் ஞானதிரவியத்தின் கண்டிப்பான உத்தரவு. ஆகவே உலகம்மாள் குடும்ப நல நீதிமன்றத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் தண்ணீர்க் குழாய்க்கு அருகிலும், நான் இந்தக் கோடியில் ஓடாத மின்விசிறிக்குக் கீழேயும் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் வெறுக்கிற பாவனையில் எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காலையில் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவள் முன்வாசல் வழியாக ஏறினாள், நான் பின்வாசல் வழியாக. எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். 'ஏன் சார், சண்டையா?' என்று அவன் கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சண்டை என்று சொல்லிப் பழகியிருக்க வேண்டும், இன்று முழுக்க அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்தொன்பது ஆண்டுகளாக என்னோடு வாழ்ந்தவளை நான் கைவிட்டுவிட்டேன், சோறு போடவில்லை, ஜீவனாம்சம் வேண்டும் என்பது மனு. மனுவின் வாசகம் என்னுடையது. தட்டச்சுப் பிழைகளைத் திருத்தியவனும் நானே. 'மனுதாரரை' என்பதில் ஒற்று விடுபட்டிருந்தது. ஆலோசகர் முன்னால் இருமுறை நடித்தாயிற்று. ஆலோசகர் இளம்பெண், எங்களைச் சேர்த்துவைக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. இன்று நீதிபதி உலகம்மாளை விசாரிப்பார், நான் மறுக்க மாட்டேன், உத்தரவு பிறக்கும், பிறகு வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் யாரும் அறியாமல் சேர்ந்துகொண்டு வீட்டுக்குப் போவோம். அவள் காலடியில் பச்சை ரெக்சின் பை இருக்கிறது. ஊருக்குப் போகும்போது எடுக்கிற பை. இரண்டு சாப்பாட்டு டப்பாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று காலையிலேயே கேட்க நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், சிவப்புக் கயிறு கட்டிய கையைத் தூண்மேல் ஊன்றி நிற்பவன் மந்திரமூர்த்தியின் ஆள். எனக்கு வணக்கம்கூடச் சொன்னான். மந்திரமூர்த்தியிடம் நான் கடன் வாங்கியது உண்மை, பத்திரத்தில் கையெழுத்திட்டது உண்மை, வட்டி அசலை விழுங்கியதும் உண்மை. ஆனால் அரசு ஊழியனின் சம்பளத்தில் கடன் கொடுத்தவன் நேரே கை வைக்க முடியாது என்பதும் உண்மை அல்லவா? கல்லூரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பிடித்தம் செய்யச் சொல்ல அவனால் ஆகாது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றமே ஆனாலும் முதல் ஆயிரம் ரூபாயையும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. தொடக்கூடிய அந்த ஒரு பங்கையும் இருபத்து நான்கு மாதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. இவ்வளவையும் நான் மந்திரமூர்த்திக்கே எடுத்துச் சொன்னேன், வகுப்பில் இலக்கணம் சொல்வதுபோல. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சார், சட்டம் கஜானா வாசல் வரைக்கும் காவல் நிக்கும். ஏ.டி.எம். வாசல்ல நான்லா நிக்கேன்' என்றான். அது வெறும் பேச்சில்லை. மாதக் கடைசி நாளில் டீக்கடையை ஒட்டிய ஏ.டி.எம். வாசலில் அவனுடைய ஆள் பனங்கற்கண்டு டப்பாவோடு உட்கார்ந்திருப்பான். டப்பாவுக்குள் எங்கள் அட்டைகள். நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், மின்வாரியத்துக்காரர் ஒருவர், நான். ஒவ்வொருவராக உள்ளே போய் வழித்தெடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்கு அவன் திருப்பிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு கலைவோம். 'புரொபசர் சார் வந்துட்டாவ, வழி விடுங்கலே' என்று அவன் மற்றவர்களை விலக்குவான். அந்த மரியாதைதான் தாங்க முடியாதது. ஆயாக்கள் ஒதுங்கி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என் வேட்டியைப் பார்ப்பார்கள். அட்டையை முடக்கிப் புதியது வாங்கிய மாதம் அவன் கோர்ட்டுக்குப் போனான். ஜப்தி உத்தரவு கல்லூரி முதல்வர் அறைக்கு வந்தது; அலுவலகக் கண்காணிப்பாளர் அதை எல்லோருக்கும் கேட்கிறபடி வாசித்தார். மூன்றில் ஒரு பங்குதானே, போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் காப்பாற்றப்பட்ட அந்த இரண்டு பங்கின் மேல் ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிடித்தம் செய்துகொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நான். அடுத்தவனிடமிருந்து என்னைக் காக்கிற சட்டத்துக்கு என் கையெழுத்திடமிருந்து காக்கத் தெரியவில்லை. 'அதுக்கும் வழி இருக்கு' என்று ஞானதிரவியம் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். 'கடன்காரன்னா மூணுல ஒண்ணு. பொண்டாட்டி ஜீவனாம்சம்னா மூணுல ரெண்டு வரைக்கும் பிடிக்கலாம். அம்மா முந்திக்கிட்டா மந்திரமூர்த்தி நக்கிக்கிட்டுப் போக வேண்டியதுதான். நம்ம ஊர்ல பாதி வாத்தியாருக்கு இதுதான் சார் மருந்து.' பாதி வாத்தியார்கள். நான் புதிதாக எதையும் செய்யவில்லை. வழக்கத்தில் உள்ள ஒன்றைத் திரும்பச் செய்கிறேன்.

கடன் எதற்கு என்று நீதிபதி கேட்டால்? கேட்க மாட்டார், அது இந்த வழக்கின் பொருள் இல்லை. சூதாட வாங்கினேன் என்றால் ஊர் நம்பும். பூவாத்தாள் கதையை அச்சிட வாங்கினேன் என்றால் சிரிக்கும். சூதாடித் தோற்ற புருஷன் மனைவியை அடகு வைக்கிற கதை. தாமிரபரணியின் இரண்டு கரைகளிலும், கோயில் கொடைகளில், வில்லடியாகவும் கும்மியாகவும் நடவுப் பாட்டாகவும் அதைப் பாடினார்கள். பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராக நடந்து பதினோரு பாடங்கள் சேர்த்தேன். ஒன்றில் அவள் கிணற்றில் விழுகிறாள், ஒன்றில் தீப்பாய்கிறாள், ஒன்றில் அடகு பிடித்தவன் வாசலில் கல்லாகச் சமைகிறாள். எந்தப் பாடமும் பிழையில்லை, ஒவ்வொரு வாயும் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்கிறது என்று முன்னுரையில் எழுதினேன். நல்ல முன்னுரை. மூன்று தொகுதி, தடித்த தாள், நூல் தைத்த கட்டமைப்பு. பதிப்பகத்தார் செலவில் பாதியை என்னை ஏற்கச் சொன்னார்கள், ஏற்றேன். நூலக ஆணை வரும் என்றார்கள், வரவில்லை. கட்டுகள் இப்போது எங்கள் படுக்கையறையில், உலகம்மாளின் தையல் மிசினுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன. அவள் ஜாக்கெட் தைக்கிறாள், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறாள்; என்னோடு வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் வாடிக்கை. ஒலிநாடாவிலிருந்து நான் பாட்டை எழுதியெடுக்கும்போது அந்த மிசின் சத்தம் சொற்களைத் தின்னும். கொஞ்சம் நிறுத்து என்பேன், நிறுத்துவாள். மறுபடியும் ஓடும். பன்னிரண்டாவது பாடம் ஒன்று இருந்தது. அவளுடைய அம்மா பாடியது, அவளுக்குப் பாடமாக இருந்தது. கல்யாணமான புதிதில் அவளே முன்வந்து பாட, பதிவு செய்தேன். பின்னால் குக்கர் விசில் கேட்கும். அந்தப் பாடத்தில் பூவாத்தாள் சாகவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு தம்பி ஊருக்குப் போய், கொல்லையில் கத்தரி நட்டாள் என்று முடியும். கத்தரி! சடங்கில் பாடப்படாதது, வீட்டுக்குள் பெண்கள் தங்கள் ஆறுதலுக்கு முடித்துக்கொண்டது, சினிமா மெட்டு கலந்தது என்று காரணங்கள் எழுதி ஒதுக்கினேன். காரணங்கள் சரியானவை, இன்றைக்கும் அவற்றைத் திரும்பப் பெற மாட்டேன். புத்தகம் வந்த அன்று அவள் மூன்று தொகுதியையும் புரட்டினாள். எதைத் தேடுகிறாய் என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, படம் இருக்கான்னு பாத்தேன் என்றாள்.

வெயில் தாழ்வாரத்தில் பாதிவரை ஏறிவிட்டது. உள்ளே வேறு வழக்கு. யாரோ ஒரு ஆண் விம்முகிறான். எங்கள் வழக்கில் யாரும் விம்மப் போவதில்லை, அதற்கு நான் வசனம் எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்: குடித்துவிட்டு வருவார், அடிப்பார், சாப்பாட்டுத் தட்டை எறிந்தார், போன ஆவணி மாதம் வீட்டை விட்டுத் துரத்திவிட்டார், தென்காசியில் தம்பி வீட்டில் இருக்கிறேன். ஞானதிரவியம் எல்லா மனுவுக்கும் போடுகிற சரக்கு. நான் நடையை மட்டும் செப்பனிட்டேன். பத்து நாளாகச் சாயங்காலம் வேலை முடிந்ததும் அவளை உட்கார வைத்துச் சொல்லச் சொன்னேன். முதல் நாள் 'குடித்துவிட்டு' என்ற இடத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நீங்களா? கல்யாண வீட்டுல பன்னீர் சோடாவுக்கே தும்முவியளே!' நானும் சிரித்தேன். இரண்டாம் நாள் தட்டை எறிந்த இடத்தில் சிரித்தாள். எந்தத் தட்டு என்று கேட்டாள். ஏதாவது ஒரு தட்டு என்றேன். 'எந்தத் தட்டுன்னு தெரியாம எப்படிச் சொல்லுதது? எவர்சில்வரா, பீங்கானா?' விசாரணையில் அப்படித்தான் கேட்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது? அதற்குப் பிறகு ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள். பாடமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். இப்போது, இந்த நாற்றமடிக்கும் தாழ்வாரத்தில், அது எந்த நாள் என்று யோசிக்கிறேன். ஒரு வரி எந்த ஊரில், எந்தத் தலைமுறையில் மாறியது என்று கணித்துச் சொல்வதுதான் என் தொழில். என் வீட்டுக் கூடத்தில், என் கண்ணெதிரில், ஒரு சிரிப்பு எந்த நாளில் நின்றது என்று தெரியவில்லை. கரண்ட் போன அன்றைக்கா? ஜாக்கெட் அளவு கொடுக்கக் கண்காணிப்பாளர் வீட்டம்மாள் வந்துபோன அன்றைக்கா? அந்த அம்மாள் ஜப்தி உத்தரவைப் பற்றிப் பேசியிருப்பாளோ? உலகம்மாளுக்குத் தெரிந்ததுதானே, பிறகென்ன. இல்லை, அதற்கும் முன்பு. 'இதெல்லாம் சொன்னா நம்புவாவளா?' என்று கேட்டாளே, அன்றைக்குச் சிரித்தாளா? ஏன் நம்பமாட்டார்கள் என்றேன். 'இல்ல, பொய்யா இருக்கேன்னு கேட்டேன்' என்றாள். பொய்தானே சொல்லப் போகிறோம் என்றேன். ஓகோ என்றாள். அந்த ஓகோவில் சிரிப்பு இருந்ததா? ஒலிப்பதிவுக் கருவி இருந்திருந்தால் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம்.

டவாலி வாசலில் நின்று உலகம்மாள் உலகம்மாள் உலகம்மாள் என்று கூவுகிறான். பிறகு ஒரே ஒருமுறை, கோமதிநாயகம். எழுந்து போகிறேன். உள்ளே நீதிபதி ஒரு பெண். சளி பிடித்திருக்கிறது, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். எனக்கென்று பெயருக்கு நிற்கிற வக்கீல் ஞானதிரவியத்தின் ஜூனியர்தான்; கோட்டில் குருவின் கோட்டு வாசனையே அடிக்கிறது. உலகம்மாள் கூண்டில் ஏறினாள். பையையும் கூடவே தூக்கிக்கொண்டு ஏறினாள். 'சொல்லும்மா, வீட்டுக்காரர் அடிப்பாரா?' என்று நீதிபதி கேட்கிறார். இப்போது முதல் வரி. குடித்துவிட்டு வந்து என்று தொடங்க வேண்டும். 'இல்லீங்கம்மா' என்கிறாள். ஞானதிரவியம் தொண்டையைச் செருமுகிறார்: 'பயப்படாமச் சொல்லுங்கம்மா.' 'எனக்கென்ன பயம்? அவிய அடிக்கிற ஆளு இல்ல. அடிக்கணும்னா பக்கத்துல வரணும்லா.' பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். என் காது சூடாகிறது. மறந்துவிட்டாள், வரியைத் தவறவிட்டுவிட்டாள். பாடகர்கள் இப்படித் தடுக்கிவிழுந்து அடுத்த அடியைப் பிடித்து எழுவதுண்டு, பிடித்துக்கொள்வாள். 'குடிப்பாரா?' 'காப்பி குடிப்பாவ. நாளைக்கு நாலு தடவ.' நீதிபதியே சிரித்துவிட்டார். 'பிறகு எதுக்கும்மா வந்தே?' உலகம்மாள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். இங்கிருந்து தெரியாது, இருப்பது எனக்குத் தெரியும். 'சம்பளம் வாங்குதாவன்னு ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாதும்மா. அந்தக் கார்டு மூணு வருசமா வட்டிக்காரங்கிட்ட இருந்திருக்கு. பால்க்காரன் வந்து, என்னக்கா, சார்வாள் ஆயாமாரு கூட வரிசையில நிக்காவளேன்னு சொல்லித்தான் தெரியும். வந்து கேட்டேன். உனக்குப் புரியாதுன்னாவ. புரியுமா புரியாதான்னு ஒரு தடவ சொல்லிப் பாத்தாத்தானம்மா தெரியும்?' நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்கிறார். 'வீட்டுச் செலவு?' 'மிசினுதான். அரிசியும் மிசினு, கரண்டுக்கும் மிசினு, அவிய மருந்துக்கும் மிசினு. போன பொங்கலுக்கு அவியளுக்கு வேட்டி எடுத்ததும் மிசினுதான்.' 'அப்போ இவர் உன்னைக் காப்பாத்தலைங்கிற?' 'நானுல்லாம்மா அவியளக் காப்பாத்துதேன்.' இதில் எந்த வரியும் என்னுடையதில்லை. தேடிப் பார்க்கிறேன், தம்பி வீடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'இப்போ எங்கே இருக்கே?' 'தென்காசியில. தம்பி வீட்டுல.' நான் எழுதியதில் வந்த ஒரே வரி அதுதான், அதையும் அவள் என்னைப் பார்த்தபடி சொன்னாள்.

'என்ன சார், பேராசிரியர்ங்கிறீங்க' என்று நீதிபதி என் பக்கம் திரும்புகிறார். 'இந்தம்மா சொன்னதெல்லாம் உண்மையா?' ஜூனியர் பின்னாலிருந்து என் முழங்கையைத் தொடுகிறான். ஆமாம் என்று ஒரு சொல், அதற்காகத்தான் வந்தோம். திறந்த கதவுக்கு வெளியே சிவப்புக் கயிற்றுக் கை தூணைவிட்டு நகர்ந்து வாசலுக்கு வந்திருக்கிறது. நான் 'இல்லை' என்று சொன்னால் அந்தக் கை நாளைக்கே மூன்றில் ஒரு பங்கை அள்ளும். இல்லை என்று சொல்ல என்னிடம் இருப்பதுதான் என்ன? மருந்து வாங்கியது நினைவிருக்கிறது, காசு கொடுத்தது நினைவில்லை. வேட்டி நினைவிருக்கிறது. இப்போது இடுப்பில் இருப்பதே அந்த வேட்டிதான். ஆனால் அவள் சொன்னபடிக்கு அல்ல, முழுவதும் அப்படி அல்ல, சொன்ன வரிசை வேறு, விட்டுப்போனவை உண்டு. முதல் சம்பளத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்தேன், ரத்தினப் பச்சை, அது அவள் பாடத்தில் வரவில்லை, அதைச் சேர்க்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். 'உண்மைதான்' என்று வந்தது. 'ஏதோ மூணாவது மனுஷனைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்றீங்களே' என்று நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுருக்கெழுத்தாளரிடம் உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். மனுவில் கேட்டபடி. மாதாமாதம் சம்பளத்திலிருந்தே பிடித்து அனுப்பும்படி கல்லூரி முதல்வருக்குத் தகவல். ஞானதிரவியம் எழுந்து கணக்கு எண் ஒன்றை வாசிக்கிறார். வீட்டுக்கு அடுத்த தெரு வங்கியில் எங்கள் இருவர் பேரிலும் உள்ள கணக்கு. நீதிபதி இதைக் கவனிக்க மாட்டார் என்பது அவர் கணிப்பு. 'அது வேண்டாம்மா' என்றாள் உலகம்மாள். குனிந்து பையின் ஜிப்பைத் திறந்தாள். சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன. மேலே அந்த ரத்தினப் பச்சை. அதன் அடியில் கையை விட்டு ஒரு புதுப் பாஸ்புக்கை எடுத்து டவாலியிடம் கொடுத்தாள். தென்காசிக் கிளை. ஞானதிரவியம் என்னைப் பார்த்தார், நான் பாஸ்புக்கைப் பார்த்தேன். அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறைகூடப் போட்டிருந்தாள்.

தாழ்வாரத்துக்கு வந்தபோது என் பெஞ்சின் மேல் ஒரு டப்பா இருந்தது, அதன் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். ஒரே டப்பாதான். 'தயிர்ச்சோறு. ஊறுகா மூடியில இருக்கு, சாய்ச்சிராதிய' என்றாள். வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் என்று நான் தாழ்ந்த குரலில் தொடங்கினேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், ஒன்றாக நிற்கவே கூடாது என்பது உத்தரவு. 'நீங்க அங்கன ஏறிக்கிடுங்க. தென்காசி பஸ்ஸு இங்கனயே நிக்கும்' என்றாள். மிசின்? 'நாளைக்குத் தம்பி டெம்போ கொண்டாருவான். சாவி பால்க்காரங்கிட்ட இருக்கு. புஸ்தகக்கட்ட நகத்தி வச்சிருங்க, முட்டுக்கு வேற ஏதாச்சும் தேடிக்கிடலாம்.' பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சிவப்புக் கயிற்றுக்காரன் விலகி அவளுக்கு வழிவிட்டான். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நான் எதிர்பார்த்ததை என் தோளைப் பிடித்த ஒரு கை குலைத்தது. ஞானதிரவியம், முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. 'சார்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாட்சி பாத்ததில்ல சார். நாம எழுதினத அப்படியே ஒப்பிச்சிருந்தா ஜட்ஜம்மா நம்பியிருக்கவே மாட்டாங்க. அந்தப் பாஸ்புக் வேற, கடைசி நிமிஷத்துல, என்ன ஒரு நடிப்பு! மந்திரமூர்த்திக்கு இனிமே பத்துப் பைசா கிடையாது. உண்மையச் சொல்லுங்க, எனக்குத் தெரியாம வேற பாடம் எழுதிக் கொடுத்தது நீங்கதானே?' டப்பாவின் மூடி தாழ்வார வெயிலில் சூடேறியிருந்தது. வாசலில் பஸ் நிற்கிற சத்தமும் கிளம்புகிற சத்தமும் கேட்டன.

'நான்தான்' என்றேன்.

'அதானே பாத்தேன்' என்றார் ஞானதிரவியம்.